மெயின் சாக்கெட்டில் டி.வி.

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘ஆஃப் மாமா’ என்று பெயர். நூலகத்தில் கதவடைக்கும் உத்தியோகம். அறுபத்து நாலு சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கு போகும். கத்தினால், "உள்ள இருக்கியாம்மா?" என்று நிதானமாகக் கேட்பார்.

நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடியதில் எனக்கு வேலை போய் எட்டு மாதம். அக்கா வீட்டில்தான் ஜாகை. புதன்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்பிலேயே ஒரு நேர்காணல். இதையும் கோட்டைவிட்டால் அடுத்தது எப்போது என்று எனக்கே தெரியாது. என் லேப்டாப்போ பேட்டரி செத்தது, வயர் இருந்தால்தான் உயிர். பழைய சார்ஜர் வேறு வோல்டேஜ் எகிறிப் புகைந்துபோயிருந்தது. "வோல்டேஜ் எகிறினா தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் பெட்டி இல்லாம புது சார்ஜரைச் சொருகக் கூடாது" என்று மாமா கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

கடையில் இரண்டு மணி நேரம். "எத்தனை ஜூல் தாங்கும்? இந்தக் குட்டி விளக்கு எவ்வளவு கரண்ட் தின்னும்?" கடைக்காரர், "சார், நீங்களே உள்ள வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் மாமா ஒன்றைப் பிடித்தார். அதில் ஒரு மெயின் சாக்கெட். அதில் சொருகியது அணைந்தால் மற்ற நாலு சாக்கெட்டும் தானே அணைந்துவிடும். மனுஷருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மெயினில் டி.வி.யையும் பக்கத்தில் என் சார்ஜரையும் சொருகினார். "டி.வி. ஓடலைன்னா கூடத்துல ஆள் இல்லைன்னு அர்த்தம். ஆளில்லாத இடத்துல கரண்ட் எதுக்கு?"

ஆக, என் லேப்டாப் உயிரோடிருக்க டி.வி. ஓட வேண்டும். புதன்கிழமை சத்தமில்லாமல் மல்யுத்தம் ஓட, எதிரே உட்கார்ந்து நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது கேள்வி, நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எனக்காகவே லீவு போட்டிருந்த மாமா சமையலறையிலிருந்து வந்தார், கூடத்தைக் கடந்தார், போகிற போக்கில் ரிமோட்டை அழுத்தினார்.

லேப்டாப் இருண்டது. நான் திரும்பி முறைத்தேன். மாமா ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ, நான் இல்லம்மா, கை" என்றார்.

டி.வி.யைப் போட்டு, லேப்டாப் எழுந்து, நான் மறுபடி உள்ளே போக ஏழு நிமிஷம். "என்னம்மா ஆச்சு?" என்றார் நேர்காணல் நடத்திய அதிகாரி அம்மா. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. மெயின் சாக்கெட், மல்யுத்தம், மாமா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, லேப்டாப்பை மெயின்ல சொருகியிருக்கலாமே?"

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் மூன்று பேர், மூன்று நாள், ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றே லேப்டாப்பை மெயினிலும் டி.வி.யைப் பக்கத்திலும் மாற்றிச் சொருகினோம். சாயங்காலம் அக்கா சீரியல் கல்யாணத்தில் மூழ்கியிருந்தபோது மெயில் வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சந்தோஷத்தில் லேப்டாப்பைப் படீரென்று மூடினேன், டி.வி. போனது.

"வேலை கெடச்சிடுச்சு" என்றேன். குதிக்கப் போனவள், மாமா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். காலையிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்போ, நான் அணைச்சதால ஒண்ணும் போயிடலையே?"

"ஒண்ணும் போகலை மாமா."

அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும் அப்புறமா அழுங்க" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. "முதல்ல அந்த லேப்டாப்பைத் திறடி. கல்யாணம் நின்னுடுச்சான்னு பார்க்கணும்."