பத்தொன்பதைத் தாண்டாதவர்கள்

முன்பின் தெரியாத மனிதர்களை ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் தூண்டுவதுதான் என் முதல் உத்தியோகம். அதற்கு அடையாள அட்டையும் கொடுத்திருந்தார்கள்.

பயந்துவிடாதீர்கள். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம் அது. ஒரு கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஓர் இணைய விளையாட்டை வாங்கிவந்து நம் ஊரில் நடத்தியது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள சென்டர்களில் சி.டி.யிலிருந்து அதை ஏற்றிக் கொடுத்து, ஆட்களை உட்கார வைத்து விளையாடப் பழக்குவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் வீட்டில் முதலில் அனுபவித்தவன் நான்தான்.

விளையாட்டின் சட்டம் எளிது. இருபதாம் லெவலை எட்டும்வரை உங்களை யாரும் தொட முடியாது. எட்டிவிட்டால், ஊர் வாசலைத் தாண்டியதும் யார் வேண்டுமானாலும் உங்களை வெட்டலாம். உங்கள் சம்மதம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கோட்டைப் போர். இருபதாம் லெவல்காரர்கள் எங்கே நின்றாலும் அது இழுத்துக்கொண்டுபோய்க் களத்தில் போட்டுவிடும். என் புரொபேஷன் முடிவதற்குள் என் ஏரியாவிலிருந்து ஒரு படை அந்தப் போரில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் எனக்கு வேலை கிடையாது.

விளையாட்டுக்குள் மூலிகை பறிக்கப் போய் முதுகில் குத்து வாங்கிய என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் சம்பவத்தை மட்டும் நான் நேரில் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இந்த ஏரியாவைப் பார்த்துக்கொண்டவர், பொறுப்பை ஒப்படைக்கும்போது சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறங்குவதற்கு ஒரு வழி

தண்டையார்பேட்டையில் கபீர் பாய் வைத்திருந்த சென்டருக்கு, வண்ணாரப்பேட்டை ரெடிமேட் கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ஒருவர் வருவார். பகலெல்லாம் கத்தரிக்கோலோடு போராடிவிட்டு, மாலையில் விளையாட்டுக்குள் போய் நிம்மதியாக மூலிகை பறிப்பார். ஒருநாள் ஏதோ முயல் குறுக்கே வர, அதை அடித்துத் தொலைத்ததில் அவர் இருபதாம் லெவலுக்குப் போய்விட்டார். மறுநாள் ஊர் வாசலைத் தாண்டியதும் மூன்று பேர் சேர்ந்து அவரை வெட்டிப் போட்டார்கள்.

என்னைப் பழையபடி பத்தொன்பதில் விடச் சொல்லி ஆபீசுக்கு எழுதுங்கள் என்று எனக்கு முன்னால் இருந்தவரிடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு வசதியே கிடையாது. ஆனால் மிருகங்களிடம் செத்தால் அனுபவப் புள்ளி குறைந்து லெவல் இறங்கும். மாஸ்டர் நேராகச் சிலந்திக் குகைக்குப் போய், கவசங்களையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பத்தொன்பது வரும்வரை சிலந்தியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அன்றுமுதல் பாய் சென்டரில் எல்லோரும் பத்தொன்பதிலேயே நிற்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் சொன்னது இது: "மேல ஏறத்தான் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. கீழ எறங்க நான் பட்ட பாடு அந்தச் சிலந்திக்குத்தான் தெரியும் சார்."

கையில் நாற்றமில்லாத மீன்

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில், படகு ஓட்டும் அந்தோணி அண்ணன் துபாயில் இருக்கும் மச்சானோடு பேச பாய் சென்டருக்கு வந்தார். பக்கத்து மெஷினில் கட்டிங் மாஸ்டர் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். காதிலிருந்து கழற்றி வைத்த ஹெட்போனுக்குள் மச்சான் வெகுநேரம் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் படகு ஆட்கள் மொத்தமும் வந்தார்கள். கடலில் வலை இழுத்தவர்கள் ஆளுக்கொரு தூண்டிலோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். மீன் பிடித்தாலும் அனுபவம் ஏறும் என்பதால், இருபது நெருங்கும்போது அண்ணன் ஒரு குரல் கொடுப்பார். எல்லோரும் எழுந்து சிலந்திக் குகைக்குப் போய்ச் செத்துவிட்டு, மறுபடி வந்து தூண்டிலை எடுப்பார்கள். இத்தனை பேரும் போருக்கு வந்தால் என் வேலை பிழைக்குமே என்று நான் பின்னால் நின்று ஏங்குவேன். அண்ணன் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இத்தினி மீனு புடிச்சிகீறேன், கைல கவுச்சி இல்ல பாத்தியா. எங்கப்பன் பாத்திருந்தா அழுதுருப்பான் நைனா."

பேரம்

அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். புருஷன் எங்கேதான் போகிறார் என்று தேடிக்கொண்டு வந்தவர், வாசலிலிருந்தே திட்ட ஆரம்பித்தார். திரையில் கூடை நிறைய மீனைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு, இது என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார். ஊருக்குள் இருக்கும் கடைக்காரன் எப்போதும் ஒரே விலைக்குத்தான் எடுப்பான், அவன் வெறும் பொம்மை, பேச மாட்டான் என்றேன். பேசாதவனிடம் யாராவது மீன் விற்பார்களா என்று கேட்டு, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊர் நடுவில் கூடையை இறக்கினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். எந்த ஊர்க்காரரோ ஒருவர் விலையைக் குறைத்துக் கேட்டார். செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல் என்றார் அக்கா. அடித்தேன். இந்தப் படத்தில் செவுள் வரையவில்லையே என்று பதில் வந்தது. அப்படியென்றால் பார்க்கத் தெரியாதவருக்கு இந்த விலை என்று அக்கா இன்னும் ஏற்றினார். அந்த மனிதர் எப்படியோ மயங்கி, கூடையோடு வாங்கிக்கொண்டு போனார். ஊருக்குள் இருக்கும்வரை யாரும் யாரையும் தொட முடியாது என்ற விஷயத்தை நான் அப்போதுதான் அக்காவுக்கு விளக்கினேன். அவர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "வூட்டாண்ட இருந்தா ஒருத்தனும் குத்த மாட்டான்ற. அப்பால இதுங்க ஏன் வெளிய போயி சாவுதுங்க?"

அப்பாவின் கேள்வி

புகார் சொல்ல வாடிக்கையாளர்களுக்கு என் மொபைல் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஒரு போன். பாலத்தில் வைத்துத் தன்னைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, எத்தனை பேர், எந்த ஆயுதம் என்று பொறுமையாகக் கேட்டேன். கவலைப்பட வேண்டாம், சற்று நேரத்தில் கோயில் வாசலில் உயிரோடு எழுந்திருப்பீர்கள், அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவன் உன்னாண்ட போன்ல பேசறான், நீ அவனுக்கு தெகிரியம் சொல்ற. இதுக்காடா காலேஜ் படிச்ச?"

ஆபீசில்

ஆபீசில் என் டீம் லீடர் சுரேஷ் ஏரியா வாரியாகச் சாவுகளைப் பார்ப்பார். யார் யாரைக் கொன்றார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் நாடித் துடிப்பு. மற்ற ஏரியாக்களில் மனிதர்கள் மனிதர்களை ஆரோக்கியமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். என் ஏரியாவில் மட்டும் கூட்டம் கூட்டமாகச் சிலந்தியிடம் செத்திருந்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன். அவர்களுக்குச் சண்டை பிடிக்கவில்லை சார், மீன் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்றேன். வரும் ஞாயிறுதான் என் புரொபேஷனுக்குள் கடைசிப் போர் என்று நினைவுபடுத்திவிட்டு அவர் சொன்னார்: "நாம போர் விக்கிறோம்பா. உன் ஆளுங்க தற்கொலை பண்ணிட்டுத் திரும்ப வேலைக்கு வராங்க."

பஞ்சாயத்து

அந்த வாரமே அந்தோணி அண்ணனுக்கு ஒரு தங்கக் கெளுத்தி மாட்டியது. அந்த விளையாட்டிலேயே அரிதான மீன் அது. பிடித்த மாத்திரத்தில் அவர் இருபதைத் தொட்டுவிட்டார். சிலந்தியிடம் ஓடலாம் என்று எழுவதற்குள் கருங்காலன் என்று பெயர் வைத்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்தி, மீனையும் எடுத்துக்கொண்டு போனான். எங்கிருந்து விளையாடுகிறான் என்று அண்ணன் என்னைக் கேட்டார். அந்தப் பெயர் என் ஏரியாப் பட்டியலில் இருந்தது; எனக்குப் பொய் வராது. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சென்டர் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் படகு ஆட்கள் மொத்தமும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கருங்காலன் என்பவன் கார்த்திக் என்ற ஒல்லியான பாலிடெக்னிக் மாணவன். இவர்களைப் பார்த்ததும் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆனால் யாரும் கையை ஓங்கவில்லை. குப்பத்தில் வழக்கு பேசுவதுபோல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவனை நடுவில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். சட்டம் அனுமதிக்கிறது என்றான் அவன். சட்டம் இருக்கட்டும், எங்கள் மேல் உனக்கு என்ன கோபம் என்று கேட்டார் அண்ணன். அவன் யோசித்துப் பார்த்தான், எதுவும் இல்லை. மீனைத் திருப்பிக் கொடு என்றார்கள். விளையாட்டுக்குள்ளேயே சமைத்துத் தின்றாகிவிட்டது என்றான். அதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யாராவது இருபதைத் தொட்டுவிட்டால் காப்பாற்ற, தடைக்காலம் முடியும்வரை அவன் வாளோடு ஆற்றங்கரையில் காவல் நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது.

மறுநாளிலிருந்து பாய் சென்டரில் அந்த வரிசையின் கடைசி நாற்காலி கார்த்திக்குடையது. தண்டனை எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். "இத்தனை நாளா கொன்னேன் சார், ஒருத்தர் பேரும் தெரியாது. இங்க ரோஸ்லின் அக்கா நான் சாப்ட்டனான்னு கேக்கறாங்க."

கோட்டைப் போர்

சனிக்கிழமை என் நிலைமையை மறைக்காமல் அவர்களிடம் சொன்னேன். நாளை நீங்கள் போருக்கு வந்தால் எனக்கு வேலை நிலைக்கும், ஆனால் உங்களைத் திரும்பத் திரும்பக் கொல்வார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன். அண்ணன் ஆட்களோடு கலந்து பேசிவிட்டு வந்தார். வருகிறோம், நிற்கிறோம், ஆனால் யாரையும் அடிக்க மாட்டோம் என்றார். அன்று சிலந்தியிடம் யாரும் போகவில்லை. எல்லோரும் சேர்ந்து முதன்முறையாகப் பத்தொன்பதைத் தாண்டினார்கள்.

ஞாயிறு மாலை எல்லோரையும் களம் இழுத்துக்கொண்டது. எதிரே கோட்டை, அதைச் சுற்றி அகழி, அகழிக்கு இந்தப் பக்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரை கவசம் போட்ட அண்ணா நகர்ப் படை. எங்கள் ஆட்கள் அகழிக்கரையில் வரிசையாக நின்று தூண்டிலை எடுத்தார்கள். அண்ணா நகர்ப் படை வெட்டியது. களத்தில் செத்தவர்கள் சிறிது நேரத்தில் அதே இடத்தில் எழுந்திருப்பார்கள். இவர்கள் எழுந்தார்கள், தூண்டில் போட்டார்கள். அவர்கள் மறுபடி வெட்டினார்கள்; இவர்கள் மறுபடி எழுந்தார்கள். விழும்போதெல்லாம் சென்டரில் ஒரே சிரிப்பு. எங்கள் பக்கம் வாள் வைத்திருந்த ஒரே ஆளான கார்த்திக் திருப்பி வெட்டத் துடித்தான். அண்ணன் அவன் கையிலும் ஒரு தூண்டிலைக் கொடுக்கச் சொன்னார்.

கடைசியில் எதிர்ப்படைத் தலைவன், ஏன் யாருமே திருப்பி அடிக்கவில்லை என்று டைப் அடித்துக் கேட்டான். நான் படித்துக் காட்டினேன். நீ உன் வேலையைப் பார், நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கிறோம் என்று அண்ணன் சொல்ல, அப்படியே அடித்தேன். பிறகு, இந்த அகழியில் மீன் இருக்கிறதா என்று கேட்டான். அண்ணன் யோசிக்கவே இல்லை. "தண்ணி கீதுல்ல, போட்டுப் பாரு."

அவன் வாளை உறையில் போட்டுவிட்டுத் தூண்டிலை எடுத்தான். அவன் ஆட்கள் சிலர் அவனைத் திட்டினார்கள். பிறகு அவர்களும் எடுத்தார்கள். யாராவது தங்களைக் கொல்வார்கள் என்று கோட்டைக்குள் ஒளிந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, தூண்டிலோடு இறங்கி வந்தார்கள். போர் முடிவதற்கான மணி அடித்தபோது கோட்டையை யாரும் பிடிக்கவில்லை. சுரேஷ் சார் போனில் கத்திய கத்தலில் என் காது மரத்துப் போனது. என் கதை முடிந்தது என்று நினைத்து, திங்கட்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு ஆபீசுக்குப் போனேன். எந்தப் போரிலும் இவ்வளவு பேர் கடைசிவரை நின்றதில்லையாம். என்னை நிரந்தரமாக்கிய கடிதத்தை நீட்டிக்கொண்டே சுரேஷ் சார் சொன்னார்: "எத்தனை பேர் நின்னாங்கன்னுதான் மேல கேட்டாங்க. நின்னு என்ன செஞ்சாங்கன்னு யாரும் கேக்கல, நீயும் சொல்லிடாத."

நிரந்தரமான பிறகு, எந்தத் தண்ணீரில் என்ன மீன் என்று குறித்திருக்கும் அட்டவணையைத் திறந்து பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்து, நான் இரண்டு முறை சரிபார்த்ததில், அந்த அகழியில் மீனே வைக்கப்படவில்லை என்று தெரிந்தது. ஆக, அன்று அந்தத் தண்ணீரிலிருந்து கரையேறியது என் வேலை ஒன்றுதான்.