கீழே பார்க்காத ஆலா

லிங்கநகரில் என் மாமி வீட்டு முன்னறையில் ஓர் ஆலாவின் படம் தொங்குகிறது. வருகிறவர்கள் அதன் முன் நின்று பொருள் சொல்வார்கள். அந்தக் கடற்பறவை ஆன்மாவாம், அதன் கீழே கிடக்கும் சிவப்பு மீன் உலக ஆசையாம். போன மாதம் ஒருவர் விளக்கினார். அடக்கமாகத் தலையாட்டினேன். உலக ஆசையை வரைந்தவன் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

மாமி, அப்பாவின் தங்கை. ஆசிரியர் கலாசாலைக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முதலில் கலியாணம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார் அப்பா. பிறகு பார்ப்போம் என்றால் பார்ப்பதில்லை என்று எங்கள் வீட்டில் பொருள். பெண் பார்க்க வரும் அன்று பெண்ணின் கைவேலை சுவரில் இருக்கவேண்டும். மற்ற வீடுகளில் நூலால் தைத்த சோடி அன்னம் இருக்கும். மாமி தனி ஆலா ஒன்றை வரைந்து மாட்டினாள்.

பெண் பார்க்கச் சல்லிக் கிராமத்திலிருந்து வந்தவர்களும் எங்களைப் போலக் கடல்தொழில்காரர்தான். ஆலா தலையைக் குனிந்து வட்டமிட்டால் கீழே மீன் உண்டு. நேரே பார்த்துப் பறந்தால் அந்த இடத்தை விட்டுப் போகிறது. இது தெரியாமல் எங்கள் கரையில் எவரும் வள்ளம் தள்ளுவதில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணியைத் தொடாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இது கீழ பாக்கேல்லையே?”

“ஓம் ஐயா. அதுக்கு இஞ்ச அலுவல் இல்லை,” என்றாள் மாமி.

அப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “அவளுக்குக் கழுத்து வளைக்க வராது அண்ணை. சின்னனில இருந்தே அப்பிடித்தான்.”

இதைவிட மோசமான சமாதானத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பினார். “படம் நல்ல வடிவு. ஆனா நேர போற ஆலாவுக்குப் பின்னால ஆர் வலையைக் கொண்டு போறது?”

அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு விஷயம் தெளிவாக விளங்கியிருந்தது: மீன் இல்லாததுதான் குறை. கதிரையில் ஏறி, மாமியின் சிவப்புப் பஸ்டல் வண்ணக்கட்டியால் கொழுத்த மீன் ஒன்றை ஆலாவின் கீழே போட்டேன். மாமி வந்து பார்த்தாள். அடிக்கு முதுகைத் தயாராக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்ல மீனடா. இப்ப ஆலா பாக்குதோ எண்டு பார்.”

பார்த்தேன். அது நேரேதான் பார்த்தது.

ஆலாக் கதை கரை முழுக்கப் பரவியது. பிறகு பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. தை மாதம் கலாசாலைக்குப் புறப்பட்ட மாமியின் பெட்டியை அப்பாவே தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு முன்னால் நடந்தார். பஸ் புறப்பட்டபோது நான் குழறி அழுதேன். மீனை இன்னும் கொஞ்சம் பெரிதாக வரைந்திருக்கலாம்.