சன்னாசிக்காகச் சரளா வைத்த வேண்டுதல்கள்

சிம்பாங் பூலாய் குவாரியில் கல் லாரி ஓட்டும் சன்னாசி காலையில் கண் விழித்தால், வீட்டில் பூனைகூடக் குறுக்கே போகாது. ஆளும் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. நடுநிசிவரை மாமாக் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய். விடிந்தால் உர்ரென்ற முகம். மனைவி சரளா முப்பது வருஷமாக அந்த முகத்துக்குத்தான் டீ கொடுத்து வந்தாள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு சன்னாசி விரதம் இருந்தார். ஒருவேளைச் சைவச் சாப்பாடு, இருட்டியதும் பாயில் படுக்கை. தொப்பை கரைந்தது, குறட்டை நின்றது. ஒருநாள் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து, விசிலடித்தபடி அடுப்படிக்கு வந்து, "சரளா, நல்லா தூங்குனியா?" என்று கேட்டார். அவள் ஊற்றிக்கொண்டிருந்த டீ பாதி தரையில் கொட்டியது.

கிளினிக் நர்ஸ் பிரமிளாதான் விளக்கினாள். "எடை இறங்கிருச்சு, நேரங்கெட்ட நேரத்துல தின்றதும் நின்னுருச்சு. உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் சரியாயிருச்சுக்கா. நல்லா தூங்குனா மனசும் லேசாயிரும் லா."

சன்னாசியோ எல்லாம் முருகன் செயல் என்றார். யார் செயலாக இருந்தால் என்ன, இந்த மனுஷனைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் சரளாவுக்கு இல்லை.

தைப்பூசம் முடிந்தது. "நாளைக்கு ஆட்டுக்கறி லா!" என்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டபோது, அவள் கூசாமல் புளுகினாள்.

"பங்குனி உத்திரம் வரைக்கும் நீங்க விரதம் இருப்பீங்கன்னு வேண்டிக்கிட்டேனே!"

சாமி காரியமாயிற்றே என்று அவரும் அடங்கினார். அடுத்து சித்ரா பௌர்ணமி. அதற்கடுத்து மாரியம்மன் திருவிழா. சாமிகள் எல்லாம் தீர்ந்துபோனதும், அவசரத்தில் சுங்கை சிப்புட் பழைய எஸ்டேட் முனியாண்டியைப் பிடித்தாள்.

சன்னாசி விழுந்து விழுந்து சிரித்தார். "முனியாண்டிக்குச் சைவ விரதமா? கெடாவும் சுருட்டும் கேக்குற சாமி லா அது! அருவாளோட உன்னைத்தான் தொரத்தும்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட சரளாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு எந்தச் சாமியும் வேணாம். காலையில சிரிச்சுப் பேசுற ஆளு வேணும். கறி தின்னா பழைய ஆளு வந்துருவாருன்னு பயமா இருக்கு."

"அவ்வளவு மோசமாவா இருந்தேன்?"

"ஆமா."

அவர் தோள் துண்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, "ஆனாலும் முனியாண்டி பேரைச் சொல்லிட்ட. கெடா வெட்டித்தான் ஆகணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டினார்கள். சரளா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் பரிமாறினாள். சன்னாசி நாலு துண்டு தின்றார். இருட்டத் தொடங்கியதும் கொட்டாவி விட்டார். விருந்துக்கு வந்திருந்த கூட்டாளி பத்துமலை அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன மச்சான், அதுக்குள்ளயா? மாமாக் கடைக்குப் போலாம் வா."

"நீ போ மச்சான். நான் காலையில எழும்பணும். முப்பது வருஷமா பொண்டாட்டிகிட்ட பேசாததெல்லாம் இருக்கு லா."

சொல்லிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். சரளாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்குத் துணையாக இத்தனை மாதம் கீரையும் பருப்புமாகக் கிடந்தவள், பெரிய தட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, மிச்சக் கறியை ஒரு கை பார்த்தாள்.