எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?

நோர்வூட்டில் ஹட்டன் பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல்.

"மலையகக் கல்வி என்று தேடினால் மலை மாதிரிக் குவியும். எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்துகொண்டு நூலகத்துக்குப் போங்க" என்றிருந்தார் விரிவுரையாளர். இன்றைக்குள் தலைப்பு அனுப்பாவிட்டால் இந்த வருடம் ஆய்வு இல்லை. என் கையில் இருந்ததோ அதே இரண்டு சொற்கள்.

பக்கத்து சீட்டு அக்கா ஆரம்பித்தார்.

"எந்தத் தோட்டம்மா?"

சொன்னேன்.

"எந்த டிவிசன்? மேல் லயமா, கீழ் லயமா? யாரு மக?"

எங்கள் பக்கம் ஒருவரை விசாரித்தால் தேயிலைத் தோட்டம், அதன் பிரிவு, லயம் என்கிற வரிசை வீடு என்று வாசல் வரை வந்துதான் நிற்பார்கள்.

"ஹட்டனுக்கு என்னா வேலையா போறீங்க?"

"தோட்டத்துப் புள்ளைங்க படிப்பைப் பத்தித் தேடணும்க்கா."

"எந்தப் புள்ளைங்க?"

"படிப்பை நிறுத்துனவங்க."

"ஆம்பளப் புள்ளைங்களா, பொம்பளப் புள்ளைங்களா?"

"பொம்பளப் புள்ளைங்க."

"ஓ.எல். பரீட்சை எழுதுறதுக்கு முன்னயா, பொறகா?"

"பொறகு."

"நிறுத்திட்டு எங்க போனாங்க? கொழுந்து பறிக்கவா, கொழும்புக்கு வேலைக்கா?"

அதற்குள் நான் போனை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் அந்தச் சொற்களைத்தான் போட்டேன். மலை வரவில்லை. இரண்டே கட்டுரைகள் வந்தன. இரண்டும் எனக்கு வேண்டியவை. சற்று முன் தலைப்பை அனுப்பினேன், "இதுதான் தலைப்பு" என்று பதில் வந்துவிட்டது.

நன்றி சொல்ல அந்த அக்காவைத் தேடுகிறேன். இவ்வளவு கேட்டவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னிடம் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: டிக்கோயாவில் இறங்கிய அக்கா.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.