கதைக்காத மூன்றாவது சிலிண்டர்

ஹயர் ஓடுகிறவர்களுக்கு, அதாவது வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர்களுக்கு, இரண்டு காது போதாது. ஒன்று பயணிக்கு, ஒன்று எஞ்சினுக்கு என்று கொடுத்துவிட்டால் தெருவுக்கு இன்னொன்று வேண்டும்.

காலையில் கார் எழும்புமா எழும்பாதா என்று நெஞ்சு அடிக்க அடிக்கச் சாவியைத் திருப்பியவர் என்றால் நீங்களும் என் இனம்தான். நான் கல்முனைக்குடியில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சுனாமி எங்கள் காரையும் அதை ஓட்டிய என் கணவரையும் ஒன்றாகவே கொண்டு போனது. கார் மட்டும் தென்னைகளுக்கு இடையில் கிடைத்தது. அதைக் கழுவித் திருத்தி நானே ஓட்டத் தொடங்கினேன். ஆண் சாரதியோடு தூரம் போக வீட்டார் விடாத பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கிளினிக், கல்யாண வீடு, மௌத்து விழுந்த சாவு வீடு என்று பிழைப்பு நடந்தது.

யுத்தம் முடியப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில் என் பயணி பக்கத்து வீட்டு ரிஸ்மியா. அவளுடைய முதல் பிள்ளையைக் கடல் எடுத்திருந்தது. வருஷங்கள் கழித்து மறுபடி ஒன்று வயிற்றில் தங்கியிருந்தது. கணவன் கத்தாரில். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒழுங்காகக் காட்ட வேண்டும், வழியில் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாதங்களைப் பார்த்துத்தான் என் கார் மிஸ் பண்ண, ஓட்டத்தில் ஒரு துடிப்பைத் தவறவிட, தொடங்கியது.

எல்லாம் உப்பு

கார் திருத்துகிற ஹனீபா பாஸின் கராஜ் கடற்கரைப் பக்கம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மணல் இருக்கிறது. ஸ்பேனர் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து வேலை செய்வார். என் முற்றத்தில் சாக்கை விரித்துக் குந்தி, எஞ்சின் இருமுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "உப்பு டீச்சர். கடல்தண்ணி உள்ளுக்குப் போனா போனதுதான்" என்றார். கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் தாங்கியைக் கழுவினார். மறுநாளும் இருமியது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே விளக்கம்தான். சுவர் வெடித்தால் உப்பு, முருங்கை காய்க்காவிட்டால் உப்பு, வானொலி கரகரத்தால் உப்பு. இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சரும் சுனாமி அண்டைக்கு ரெண்டு வாய் குடிச்சிருப்பீங்கதானே."

சோதனைச் சாவடியில்

மட்டக்களப்புப் பாதையில் ஒரு சோதனைச் சாவடி. வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் தடுமாறிப் பின்குழாயில் டப்பென்று வெடித்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் குனிந்தார்கள். துவக்குகள் மட்டும் நிமிர்ந்தன. பின் சீட்டில் ரிஸ்மியா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். நான் ஸ்டியரிங்கை விட்டுக் கைகளை உயர்த்தினேன். கார் என்னைக் கேளாமல் இன்னொரு தரம் வெடித்தது.

மீசை முளைத்தும் முளைக்காத ஒரு சிங்களப் பையன் மெதுவாக வந்தான். பொனட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினைக் குனிந்து பார்த்தான். பிறகு ரிஸ்மியாவின் வயிற்றைப் பார்த்தான். அவன் முகத்திலும் வேர்வை.

"அம்மா, அடுத்த முற தூரத்தில வெடிங்க. கிட்ட வந்து வேணாம். நமக்கும் பயம்தானே."

ஒரு சீர் குறைகிறது

நான் படிப்பித்தது யாப்பு. நாலு சிலிண்டர் எஞ்சின் என் காதுக்கு நாற்சீர் அடி. மூன்றாவது சீர் விழுகிற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அது மனப்பிரமையா என்று பார்க்க பாஸ் ஒரு வழி காட்டித் தந்தார். எஞ்சின் ஓடும்போதே, ரப்பர் செருப்பால் பிடித்து, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதலாவதைக் கழற்றினேன், எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் இல்லாத பிள்ளையை வெளியே அனுப்பியது போல.

புதுப் பிளக் போட்டோம். மத்தியானம் நன்றாக ஓடியது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கடலின் ஈரக்காற்று இறங்கியிருக்கும் நேரத்தில், மறுபடி நொண்டியது. கிளினிக்குக்குப் புறப்படுவதும் அந்த நேரத்தில்தான். ஒரு நாள் போய் வந்ததும் ரிஸ்மியா இடுப்பு நோவென்று படுத்துவிட்டாள். நான் அவளுடைய பாயருகில் உட்கார்ந்து, வேறு வாகனம் பார்ப்போமா என்றேன். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வேற காரில மாமி உடமாட்டா. நீங்களும் கைய உட்டா, எனக்குப் போற வழியே இல்ல டீச்சர்."

போர்வைக்குள்

பிளக்குக்குப் போகிற பொறி வழியில் எங்காவது தப்பிப் போகிறதா என்று இருட்டில் பார்த்தால் தெரியும் என்று பாஸ் சொல்லியிருந்தார். ஆனால் என் காருக்கு விடிந்த பிறகுதான் நோய். விடிந்த பிறகு இருட்டுக்கு எங்கே போவது? கறுப்புப் போர்வை ஒன்றைப் பொனட்டின் மேல் போட்டு, விசிறிப் பக்கம் போகாமல் கல் வைத்து, தலையை உள்ளே நுழைத்தேன்.

கண் பழகியதும் தெரிந்தது. மூன்றாவது வயரில் கறுப்பாக ஒரு முடிச்சு. அதிலிருந்து எஞ்சின் இரும்புக்கு நீலமாக ஒரு பொறி தாவித் தாவிப் போனது. அந்த முடிச்சை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வயரோடு வந்த ஏதோ என்றுதான் நினைத்திருந்தேன். எஞ்சினை நிறுத்தி அவிழ்த்தேன். எண்ணெய் ஊறிய நூல், அதற்குள் துணி, துணிக்குள் செப்புத் தகட்டில் எழுதிய ஒரு இஸ்ம். ஓதி, காவலுக்கென்று கட்டுவது. இறுக்கிக் கட்டிய இடத்தில் வயரின் ரப்பர் வெடித்திருந்தது; தகடு இரும்பை ஒட்டினாற்போல் நின்றது, ஈரக்காற்று பட்டால் பொறி அந்த வழியாகவே இறங்கிவிடும்.

வேர்த்து விறுவிறுத்துப் போர்வையை விட்டு வெளியே வந்தேன். பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டு வருகிற கனகசபை சைக்கிளைக் கேற்றில் சாய்த்துவிட்டு எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றாரோ தெரியாது.

"என்ன டீச்சர், காருக்குத் தடிமனா? ஆவி புடிக்கிறீங்க?"

கண்டவர்கள்

கட்டியது என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி. ரிஸ்மியாவைக் கிளினிக்குக்கு ஏற்றத் தொடங்கிய வாரமே கட்டியிருக்கிறார். உள்ளே தொங்கவிட்டால் படித்தவள் நான் கழற்றி எறிவேன் என்று பயம். அதனால் காரின் கல்பு, அதன் இதயம், எது என்று விசாரித்து, அங்கே. "கடல் கொண்டு போன கார் இதுகா. ஒரு காவலும் இல்லாம ஒரு புள்ளத்தாச்சிய ஏத்துறதா?" என்று கேட்டார். அந்தக் காவல்தான் இத்தனை நாளும் அந்தப் பிள்ளையைக் குலுக்கியது.

ஹனீபா பாஸிடம்தான் கோபம் வந்தது. பிளக் மாற்றியவர், வயரைக் கையில் தூக்கிப் பிடித்தவர், இதைக் காணவில்லையா? அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கண்ட நான் டீச்சர். ஓதிக் கட்டினத நான் எப்புடித் தொடுற? எண்ணெய்க் கை, கை கால் கழுவி எடுக்கிற உளுவும் இல்ல."

கையில் பிடித்தபடி

புது வயர் போட்டார். சந்தேகத்துக்கு டிஸ்ரிபியூட்டர் மூடியும் மாற்றினார், மற்றப் பிளக்குகளும் மாற்றினார். ரிஸ்மியாவைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் நிறுத்த வேண்டிய காலை வந்தது. ஒரு காலைக் காருக்குள் வைத்தவள் நின்றுவிட்டாள். "காவலக் கழட்டின காரிலயா?" கட்டினால் கார் ஓடாது, கட்டாவிட்டால் அவள் ஏறமாட்டாள். மதினிதான் அந்தத் தகட்டை ரிஸ்மியாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "ஏறுகா. கார் தன்பாட்டுல போகட்டும்."

கார் போனது. நாலு சீரும் சீராக விழுந்தன. வலப்பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. வார்ட் வாசலில் இறக்கிவிட்டு, வெறும் காரோடு திரும்பினேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது அன்றைக்குத்தான். சந்திகளில் கொடி கட்டிப் பட்டாசு கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் கார் மறுபடி மிஸ் பண்ணி, டப்பென்று வெடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் நிறுத்திப் பொனட்டைத் திறந்தேன். புது வயர், புது மூடி, எதிலும் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ரிஸ்மியா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். பெண் பிள்ளை, நல்ல சுகம். பின்னால் பிள்ளை அழுவது கேட்டது; அந்த அழுகையில் ஒரு இடத்திலும் பள்ளமில்லை. சந்தோஷத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், வருகிற வழியில் கார் மறுபடி பழுதான கதையைச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும் டீச்சர். எங்கள எறக்கின பொறகுதானே செஞ்சிது."

அந்த எஞ்சின் ஏன் மிஸ் பண்ணியது என்பதற்கு இன்றைக்கு என்னிடம் நாலைந்து பதில் இருக்கிறது. அந்த ஒரு காலை போகும்போது மட்டும் ஏன் பண்ணவில்லை என்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.