கொடி இறங்காமல் அவர் இறங்க மாட்டார்

நேற்று பைக் ரேஸ் பார்க்கப் போன இடத்தில் நான் சிவப்புக் கொடியை இறக்கிவிட்டேன்!

(திட்ட நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டவும்.)

பண்டாரவளையிலிருந்து பூனாகலை போகிற வழியில் ஒரு புல்லுமலை. அதில் வளைத்து வளைத்து மண் பாதை வெட்டி, கொழும்புப் பிள்ளைகள் ரேஸ் நடத்தினார்கள்.

வளைவுக்கு ஒரு ஆள் கொடியோடு நிற்க வேண்டுமாம். எங்கள் தோட்டத்திலிருந்து ஏழு பேரைக் கூப்பிட்டார்கள். அதில் என் வீட்டுக்காரர் சேவியரும் ஒருவர். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிற மனுஷன்.

காலையில் பத்து நிமிஷ கிளாஸ். மஞ்சள் என்றால் மெதுவாகப் போ, சிவப்பு என்றால் நிறுத்து. அவ்வளவுதான்!

இவருக்குக் கிடைத்தது மேல் வளைவு. அங்கே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

மதியம் வரை மண்டையைப் பிளக்கிற வெயில். இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது பாருங்கள்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் காற்று. (டிக்கெட் கூடாரம் பறந்துபோய்த் தேயிலைக்குள் உட்கார்ந்துகொண்டது.) அப்புறம் ஆலங்கட்டி மழை. அப்புறம் மின்னலும் இடியும், மூச்சுவிட நேரம் தராமல்!

ஸ்டார்ட் பக்கம் இருந்த உயரமான கம்பத்தில் பெரிய சிவப்புக் கொடியை ஏற்றினார்கள். ரேஸ் நின்றது. மைக்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும் கரன்ட் போய்விட்டது.

பைக், ரைடர், வேடிக்கை பார்த்த சனம் எல்லாம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் (பெரிய தகரக் கொட்டகைதான்) ஓடியது.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கொடி பிடித்தவர்களில் ஆறு பேர் இருக்கிறார்கள். இவரைக் காணோம்!

எட்டிப் பார்த்தால், மேல் வளைவில் ஒரு மஞ்சள் ரெயின்கோட். கையில் இரும்புக் குழாயில் கட்டிய கொடி!!

போன் அடித்தேன். என் கைப்பைக்குள்ளேயே அடித்தது. (நனைந்துவிடும் என்று காலையில் என்னிடம்தான் கொடுத்திருந்தார்.)

ரேஸ் நடத்துகிற பையனைப் பிடித்தேன்.

"தம்பி, மேல ஒரு ஆளு நிக்கிறாரு! கூப்பிடுங்க!"

"சிவப்புக் கொடி போட்டாச்சே அக்கா. பாத்துட்டு வந்துருவாரு."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

தோட்டத்தில் மருந்தடித்த தேயிலை மலைக்குச் சிவப்புத் துணி கட்டுவோம். அதை அவிழ்க்கிற வரைக்கும் உள்ளே ஆள் போகக் கூடாது. காவலுக்கு நிற்கிறவர் நகரவே கூடாது. எங்கள் தோட்டத்தில் அந்தக் காவல் இவருக்குத்தான்!

"அவரு வர மாட்டாரு தம்பி! அந்தக் கொடி பறக்குற வரைக்கும் அங்கயேதான் நிப்பாரு. மொதல்ல அத எறக்குங்க!"

"ஐயோ அக்கா, சிவப்ப எறக்குனா ரேஸ் திரும்ப ஸ்டார்ட்னு அர்த்தம். ரூல்ஸ் இருக்கு."

"பைக்கெல்லாம் இங்க கெடக்கு, எவன் ஓட்டப் போறான்?"

நான் வெளியே இறங்கிவிட்டேன்.

டீக்கடை போட்டிருந்த நானா (முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) பின்னாலிருந்து கத்தினார்: "தங்கச்சி, போகாதீங்க! மின்னல் பொல்லாதது!"

கொடிக் கம்பத்துக்கு ஓடினேன். கயிற்றின் நனைந்த முடிச்சு அவிழவே இல்லை. மாதாவே, மாதாவே என்று பல்லால் கடித்து இழுத்தேன். (அந்தக் கம்பமும் இரும்புதான் என்பது இன்று காலையில்தான் உறைத்தது!)

கொடி விழுந்தது.

மேலே மஞ்சள் ரெயின்கோட் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு குழாயை மண்ணில் குத்தி வைத்துவிட்டுக் கீழே வந்தது. ஓடி இல்லை, நடந்து! பூசைக்குப் போகிற மாதிரி!

பாதி வழி வந்திருப்பார். மின்னலில் மேல் வளைவு முழுக்க வெள்ளையாகிப் போனது. கூடவே இடி. அந்தக் குழாய் சாய்ந்து கிடந்தது.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கு அழுவுற? அதான் கொடி எறங்குனதும் வந்துட்டேன்ல."

"இடி விழுகுதுங்க! ஒங்களுக்குப் புத்தி வேணாமா?"

"என்னைய எறங்கச் சொல்லி யாரும் சொல்லலயே புள்ள."

உண்மைதான். யாருமே சொல்லவில்லை.

இரண்டு பேரும் மடுவத்துக்குள் போனோம். அந்தப் பையன் நனைந்த லிஸ்ட்டை வைத்துக்கொண்டு சத்தமாக அறிவிக்கிறான்:

"ரைடர்ஸ் எல்லாரும் சேஃப்! பைக் எல்லாம் சேஃப்! ஒண்ணுகூட மிஸ்ஸிங் இல்ல!"

மடுவமே கை தட்டியது.

திரும்பிப் பார்க்கிறேன். சொன்னால் நம்புவீர்களா? உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட, இவரும் கை தட்டிக்கொண்டிருக்கிறார்!