என் பாதியில் வளர்ந்த தோட்டம்

ஆஸ்திரேலியாவில், நான் இருக்கும் பெர்த்தில், தோட்டத்துக்குத் தண்ணீர் விட வீட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். அதன் கடைசி இலக்கத்தைப் பொறுத்து, வாரத்தில் இரண்டு நாள்தான் ஸ்பிரிங்க்ளரைத் திறக்கலாம். எனக்கு வாய்த்த நாள்களில் நான் செடிகளைச் சுற்றிச் சுற்றி வருவேன். பக்கத்து வீட்டு கெவின் நாற்காலியைப் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டு முன்னால் ஜல்லியும், அந்த ஊர் மண்ணுக்கே உரிய பாங்க்ஸியாச் செடிகளும்தான். ஒரு சொட்டு ஊற்றாமலே அவை மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். எனக்கு வயிறு எரியும்.

நானும் இரண்டு பாங்க்ஸியா வாங்கி நட்டேன். நாமக்கல் பக்கத்துக்காரி சும்மா இருப்பேனா? கோழி எருவை மூட்டையாக வாங்கிக் கொட்டினேன். எங்கள் ஊரில் எந்தச் செடி சுணங்கினாலும் அதுதான் மருந்து. ஒரே மாதத்தில் இரண்டும் கருகிப்போயின. "எரு போட்டாயா?" என்று கெவின் கேட்டார். நிறையப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "ஓ, ஸாரி" என்றார். எதற்கோ மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன். அந்தச் செடிக்குக் கோழி எருவின் சத்தே விஷம் என்பது பிறகுதான் தெரிந்தது.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். ராசிபுரம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன இடத்தில் ஒரு பாதியில் தம்பி வீடு கட்டியிருக்கிறான். மறுபாதி என்னுடையது, வெறும் சுக்கான்கல் பூமி. நடுவில் காம்பவுண்டு சுவர் எழுப்பி, பிறகு ஒரு வீடு கட்டி, செடி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது என் பல வருட ஆசை. போய்ப் பார்த்தால், தம்பி மனைவி கோமதி என் பாதியில் தோட்டமே போட்டிருந்தாள். முருங்கை, சீத்தா, அரளி, கற்றாழை. தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து வெயில் படாமல் மண்ணை மூடியிருந்தாள். குளிக்கிற தண்ணீர் சிறு வாய்க்காலாக வந்து வாழைக்குழியில் விழுந்தது. மற்றவற்றுக்கு மழையோடு சரி. நான் கனவு கண்ட தோட்டத்தை வேறொருத்தி செய்து முடித்துவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆரைக் கேட்டு வெச்சே?" என்றுதான் கேட்டேன்.

கோமதி வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் நான் வரச்சொன்ன கொத்தனார் வந்து சுவருக்குக் கயிறு பிடித்தார். அது வாய்க்காலுக்குக் குறுக்கே போனது. அப்போதுதான் அவள் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

"உங்க பக்கந்தான் பள்ளமுங்க நங்கையா. ஊத்தற தண்ணியெல்லாம் தானா அங்கதான் ஓடுது. வீணாப் போறதுக்கு நாலு செடியாவது பொழைக்கட்டும்னு வெச்சேனுங்க. ஊடு கட்டறப்ப சொல்லுங்க, புடுங்கிக்கறேன். எப்ப வாரீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. என் பிள்ளைகள் பெர்த்திலேயே பிறந்தவர்கள், இங்கே வரமாட்டார்கள். அவர்களை விட்டு நானும் வரமாட்டேன் என்பது கயிற்றின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது.

"செவுரு வேண்டாங்க" என்று கொத்தனாரை அனுப்பிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. பிடுங்கினால் என் பாதியில் மறுபடி கல்தான் இருக்கும்.

போன வாரம் வீடியோ காலில் கோமதி தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆத்தூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "யாருதுங்க இது?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"எங்க நங்கையாவுதுங்க" என்றாள் கோமதி, கொஞ்சமும் யோசிக்காமல்.

என் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கோ அந்த நங்கையாவின் மேலேயே பொறாமை வந்தது. அவளுக்கு ராசிபுரம் பக்கத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது.